வெளிநாட்டுப் பையன்களைத் தேட எவ்வளவு ஒதுக்குவது? ஒரு பட்ஜெட்டின் வரலாறு

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் கார் ஓட்டுவதும் துப்பாக்கி சுடுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மேலாண்மை விளையாட்டு என்று இன்னொரு வகை இருக்கிறது. அதில் மட்டை பிடிக்கவும் முடியாது, பந்து வீசவும் முடியாது. ஓர் அணியின் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து யாரை எடுப்பது, யாரை விடுவது, எதற்கு எவ்வளவு செலவு செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். கணக்குப்பிள்ளை வேலை மாதிரி தோன்றும். ஆனால் இதற்காக இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பேஸ்பாலுக்கான இத்தகைய விளையாட்டுகளில் பெயர் பெற்றது 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்'. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்கஸ் ஹைன்சோன் உருவாக்கியது, 1999-இல் வெளிவந்தது. பல நாடுகளில் இருப்பவர்கள் ஆளுக்கு ஓர் அணியை எடுத்துக்கொண்டு இணையம் வழியாக ஒரே லீக்கில் மோதலாம். இதில் ஆட்டக்காரர்களைத் தேடும் பட்ஜெட்டை நான்காகப் பிரிக்க வேண்டும்: பெரிய லீக், சிறிய லீக்குகள், உள்நாட்டு இளைஞர்கள், வெளிநாட்டு இளைஞர்கள்.

நான்காவதுதான் தலைவலி. பெரிய லீக்கில் ஆடுபவர் எப்படிப்பட்டவர் என்பது அவருடைய புள்ளிவிவரத்திலேயே தெரிந்துவிடும். வெளிநாட்டுப் பையனுக்கோ வயது 16. அவனைப் பற்றிய குறிப்பில் பாதி ஊகம். தேடும் பணத்தைக் குறைத்தால் அந்த ஊகமும் தப்பாகிவிடும். சரியாகவே கண்டுபிடித்தாலும் அவன் பெரிய லீக்குக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். வராமலே போகவும் கூடும். அப்படியானால் அந்த நான்காவது பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது?

இந்தக் கேள்வியை விளையாட்டை எழுதியவர்கள் கற்பனையாக உருவாக்கவில்லை. அதற்குத் தொண்ணூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் இருக்கிறது.

சலவைக்கடைக்காரர் காட்டிய வழி

வாஷிங்டன் செனட்டர்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. அதன் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித் பணக்காரர் இல்லை. நியூயார்க் அணிகளோடு போட்டி போட்டு நல்ல ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க அவரால் முடியாது. 1930-களில் அவருக்கு ஜோ கேம்ப்ரியா என்பவர் கிடைத்தார். பால்டிமோர் நகரில் சலவைத் தொழில் நடத்தியவர், பேஸ்பால் பைத்தியம். அவர் கியூபாவுக்குப் போனார்.

கியூபாவில் பேஸ்பால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. தெருவுக்குத் தெரு ஆடுவார்கள். அங்கே கிடைத்த பையன்களை மிகக் குறைந்த பணத்துக்கு, சில சமயம் முன்பணமே இல்லாமல், கேம்ப்ரியா ஒப்பந்தம் செய்தார். சில பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான கியூபா இளைஞர்கள் இப்படி அமெரிக்கா போனார்கள். கமிலோ பாஸ்குவல், பெட்ரோ ராமோஸ் போன்றவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். பெரும்பாலானவர்கள் சிறிய லீக்குகளில் ஒன்றிரண்டு வருடம் ஆடிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இந்த அணி 1961-இல் மின்னசோட்டாவுக்குக் குடிபெயர்ந்து ட்வின்ஸ் என்று பெயர் மாறியது. அந்த வருடம் கேம்ப்ரியா அனுப்பிய பையன்களில் ஒருவர் டோனி ஒலிவா. சோதித்துப் பார்த்த ட்வின்ஸ் அணி அவரை வேண்டாம் என்று கழித்துவிட்டது. ஆனால் அதே சமயம் கியூபாவுக்கும் அமெரிக்காவுக்கும் உறவு முறிந்துபோனது. திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தவரை மறுபடி சேர்த்துக்கொண்டு சிறிய லீக்கில் ஆட விட்டார்கள். அவர் 1964, 1965 இரண்டு வருடமும் அமெரிக்கன் லீக்கில் மட்டையடி சராசரியில் முதலிடம் பிடித்தார். 2022-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். விமானம் ஓடியிருந்தால் அவர் ஊருக்குப் போயிருப்பார். தேடியதற்கான பலன் ட்வின்ஸ் அணிக்குக் கிடைத்தது, கூடக் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டதால்தான்.

500 டாலரும் 42.5 லட்சம் டாலரும்

கியூபாவின் கதவு மூடியதும் அணிகள் பக்கத்திலிருந்த டொமினிகன் குடியரசுக்குத் திரும்பின. ஹுவான் மாரிச்சல் என்ற பந்து எறிபவரை 1957-இல் ஜயன்ட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தபோது கொடுத்தது 500 டாலர் என்று சொல்வார்கள். 1983-இல் புகழ் மண்டபத்துக்குப் போன முதல் டொமினிகன்காரர் அவர். பெட்ரோ மார்ட்டினெஸை 1988-இல் டாட்ஜர்ஸ் அணி 6,500 டாலருக்கு எடுத்தது. அவரும் 2015-இல் அதே மண்டபத்தில் சேர்ந்தார். வெனிசுலாவைச் சேர்ந்த ஹோசே அல்டூவேயை, குள்ளம் என்று முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் மீண்டும் வந்து நின்றவரை 2007-இல் ஆஸ்ட்ரோஸ் அணி 15,000 டாலருக்கு எடுத்தது. 2017-இல் அவர் அமெரிக்கன் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்.

இதைப் பார்த்தால் குறைந்த காசில் புதையல் எடுக்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2008-இல் ஓக்லண்ட் அணி மைக்கேல் இனோவா என்ற 16 வயது டொமினிகன் பையனுக்கு 42.5 லட்சம் டாலர் கொடுத்தது. அப்போது அது பெரிய சாதனைத் தொகை. அவர் ஓக்லண்டின் பெரிய லீக் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. எட்டு வருடம் கழித்து 2016-இல் வேறோர் அணிக்காகத்தான் பெரிய லீக்கில் இறங்கினார்.

ஆகவே 16 வயதில் கொடுக்கும் விலைக்கும் 24 வயதில் கிடைக்கும் ஆட்டத்துக்கும் நேர்க்கோடு எதுவும் இல்லை. இதைப் புரிந்துகொண்ட அணிகள் தேடும் ஆட்களோடு நிற்காமல் பயிற்சிக்கூடங்களும் கட்டின. டொராண்டோ அணிக்காக எப்பி கெரேரோ 1970-களில் ஒன்றைத் தொடங்கினார். டாட்ஜர்ஸ் அணியின் 'காம்போ லாஸ் பால்மாஸ்' 1987-இல் வந்தது. சாப்பாடு, படுக்கை, ஆங்கிலப் பாடம், பயிற்சி எல்லாம் அங்கேயே. பணத்தில் பெரும்பகுதி போவது இதற்குத்தான்.

ஒரு செலவு மட்டும் எந்த அணியின் கணக்கிலும் ஏறுவதில்லை. 12, 13 வயதிலிருந்து 16 வயது வரை அந்தப் பையனுக்குச் சோறு போட்டுப் பழக்குவது யார்? அவன் குடும்பமும், உள்ளூரில் 'புஸ்கோன்' என்று அழைக்கப்படும் தனியார் பயிற்சியாளர்களும்தான். பையன் ஒப்பந்தம் ஆனால் புஸ்கோனுக்கு அதில் ஒரு பங்கு. ஆகாவிட்டால் பள்ளிப்படிப்பும் போய், ஆட்டமும் போய் அவன் வீட்டுக்குத் திரும்புகிறான்.

உச்சவரம்பு வந்த கதை

தொகைகள் எகிறியதும் லீக் தலையிட்டது. 2012-13 பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் வெளிநாட்டு இளைஞர்களுக்கான ஊக்கத்தொகையாகச் சுமார் 29 லட்சம் டாலர் என்று வரம்பு வைத்தார்கள். தாண்டினால் வரி. பணக்கார அணிகள் வரியைக் கட்டிவிட்டுத் தாண்டின. 2015-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ், கியூபாவின் யோவான் மொன்காடாவுக்கு 3.15 கோடி டாலர் கொடுத்து, அதே அளவு தொகையை வரியாகவும் கட்டியது. அவர் பாஸ்டனுக்கு ஆடியது 8 ஆட்டங்கள். பிறகு கிறிஸ் சேல் என்ற பந்து எறிபவருக்காக அவரைக் கைமாற்றிவிட்டார்கள். 2018-இல் பாஸ்டன் வென்ற சாம்பியன் பட்டத்தில் சேலுக்குப் பங்குண்டு என்பதால் அதை நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது.

2017-இல் தாண்டவே முடியாத வரம்பு வந்தது. அடிப்படைத் தொகை 47.5 லட்சம் டாலர். அதே வருடம், விதிகளை ஏமாற்றிப் பையன்களை எடுத்ததற்காக அட்லாண்டா பிரேவ்ஸ் அணியிடமிருந்து 13 இளைஞர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதன் பொது மேலாளர் ஜான் கோப்பொலெல்லாவுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டு, அது 2023-இல் நீக்கப்பட்டது. இன்றைய மேலாண்மை விளையாட்டுகளில் வெளிநாட்டு ஒதுக்கீட்டுக்கு இத்தனை விதிகள் இருப்பதற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

இந்தியாவில் தேடியபோது

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 2007-இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இவ்வளவு மக்கள்தொகையும் இவ்வளவு கிரிக்கெட்டும் உள்ள நாட்டில் வேகமாகப் பந்து எறியும் கை ஒன்றாவது இருக்காதா? 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை நடத்தினார். 30,000-க்கும் மேற்பட்டவர்கள் பந்து எறிந்து பார்த்தார்கள். 2008-இல் வென்றவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங். வேகம் மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அவரோடு தேர்வானவர் தினேஷ் படேல். வேடிக்கை என்னவென்றால் இருவருமே கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் இல்லை, ஈட்டி எறிபவர்கள்.

இருவரையும் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் விட்டார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு 2011-இல் சிறிய லீக்கின் ஏ நிலை வரை ஏறினார், பிறகு காயம். பெரிய லீக்கை அவர் தொடவே இல்லை. 2018-இல் மல்யுத்தப் பொழுதுபோக்கு நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ-யில் சேர்ந்துவிட்டார். இவர்கள் கதையை டிஸ்னி 2014-இல் படமாக எடுத்தது. இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.

இதில் பைரேட்ஸ் அணியைக் குறை சொல்ல முடியாது. 1993-இலிருந்து ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றியை அதிகமாகக் காணாத அணி அது. புது வழி எதுவானாலும் முயன்று பார்க்கும் நிலைமை. அதே அணி 2007-இல் டொமினிகன் குடியரசில் ஸ்டார்லிங் மார்ட்டே என்ற இளைஞரை 85,000 டாலருக்கு எடுத்தது. 2009-இல் அங்கே சுமார் 50 லட்சம் டாலரில் புதிய பயிற்சிக்கூடமும் திறந்தது. 2013-இல் தோல்விக் காலம் முடிந்து பைரேட்ஸ் அடுத்த சுற்றுக்குப் போனபோது மார்ட்டே அந்த அணியில் ஆடினார்.

ஒரே அணி, ஏறக்குறைய ஒரே காலம். ஏன் அங்கே பலித்தது இங்கே பலிக்கவில்லை? ரிங்குவின் கையில் வேகம் இருந்தது. ஆனால் டொமினிகன் பையன் ஐந்து வயதில் தொடங்கியதை இவர் பத்தொன்பது வயதில் தொடங்கினார். தேடும் பட்ஜெட் என்பது யாரோ பல வருடம் நீர் பாய்ச்சிய வயலில் அறுவடைக்குப் போவது. இங்கே பேஸ்பால் வயலே இல்லை.

சென்னையில் வேறு மாதிரி

இதற்கு இருபது வருடம் முன்பே சென்னையில் இதே பிரச்சினையை வேறு விதமாக அணுகியிருந்தார்கள். 1980-களில் இந்தியாவுக்குக் கபில்தேவை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேகப்பந்து வீச்சாளர் கிடையாது. சுழற்பந்து நாடு என்று பெயர். சென்னையின் டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். 1987-இல் 'பேஸ் ஃபவுண்டேஷன்' என்ற பயிற்சி மையத்தைத் தொடங்கியது. முன்னின்றவர் ரவி மம்மன். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்தார்கள். கூடவே இந்தியாவுக்கு ஆடியிருந்த சென்னைக்காரர் டி.ஏ. சேகர் பயிற்சியாளராக இருந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, பையன்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பாமல் லில்லியை இங்கே வரவழைத்தது. அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. 1987-இலிருந்து 2012 வரை 25 வருடம் அவர் வந்துகொண்டிருந்தார். பிறகு அந்தப் பொறுப்பை கிளென் மெக்ராத் ஏற்றார்.

பலன் உடனே வரவில்லை. மையத்தில் பயின்ற விவேக் ரஸ்தான் 1989 பாகிஸ்தான் தொடரில் இந்தியாவுக்கு ஆடினார். சியால்கோட் டெஸ்டில் 5 விக்கெட் எடுத்தார். ஆனால் மொத்தம் ஆடியது இரண்டே டெஸ்ட். முதல் பலனை மட்டும் பார்த்து ஒருவர் கணக்கை மூடியிருந்தால் அது நஷ்டக் கணக்குதான். மூடவில்லை. பின்னால் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், முனாஃப் படேல் என்று அந்த மையத்தோடு தொடர்புள்ளவர்களின் வரிசை நீண்டது.

1987-இல் அங்கே வேகப்பந்து கற்க வந்த ஒரு மும்பைப் பையனிடம், நீ மட்டையடியில் கவனம் செலுத்து என்று லில்லி சொல்லி அனுப்பியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர். ரஸ்தான் அறிமுகமான அதே 1989 தொடரில் அவரும் அறிமுகமானார். பிற்காலத்தில் அவர் மட்டையில் எம்.ஆர்.எஃப். என்ற எழுத்துகளே இருந்தன.

3 கோடியும் 40 லட்சமும்

2008-இல் ஐ.பி.எல். வந்ததும் பேஸ்பால் மேலாளரின் தலைவலி நம் ஊர் அணிகளுக்கும் வந்தது. முதல் ஏலத்தில் ஓர் அணிக்கு வரம்பு 50 லட்சம் டாலர். அதில் சென்னை அணி தோனி ஒருவருக்கே 15 லட்சம் டாலர் கொடுத்தது. மீதியில்தான் மற்றவர்கள் எல்லோரும்.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் த. நடராஜனைவிட நல்ல உதாரணம் கிடையாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானதும் பந்து வீசும் முறையில் குறை என்று சொல்லப்பட்டு, அதைத் திருத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்கு ஆடியது கண்ணில் பட்டது. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த வருடம் விட்டுவிட்டது.

2018-இல் ஹைதராபாத் அணி 40 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் ஓர் ஆட்டம்கூட ஆடவிடவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. 2020-இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சிப் பந்து வீச்சாளராகத் தேர்வாகி அந்த நவம்பரில் ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டு வந்தார். 3 கோடி கொடுத்தவர்களும் 40 லட்சம் கொடுத்தவர்களும் கண்டது அதே ஆளைத்தான். ஒருவர் ஒரு சீசன் பார்த்தார், மற்றவர் மூன்றாவது சீசன் வரை வைத்திருந்தார்.

பிள்ளைப்பாக்கம் பக்கத்திலும் இதே கணக்கு

விளையாட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்தும் இதைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் வழியாகப் போகும்போது காலை ஷிப்டுக்கு வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பவர்களில் பலர் இந்த வட்டாரத்துக்காரர்கள் இல்லை. தூரத்து மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் முகாம் போட்டு, கேம்பஸில் தேர்வு வைத்து எடுத்து வந்த 18, 19 வயதுக்காரர்கள். ஆள் தேடுவதற்கு ஆகும் செலவு ஒரு வேனும் சில அதிகாரிகளும். அவர்களைத் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, வேலை கற்றுத்தருவதுதான் பெரிய செலவு.

அந்தச் செலவில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டுப்போய்ப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. பிறகு 2024 ஆகஸ்டில், பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் திறக்கப்பட்டது. முதலிலேயே கணக்கில் எழுதியிருக்க வேண்டிய தொகை, சிலர் நோயில் படுத்த பிறகு எழுதப்பட்டது.

அப்படியானால் எவ்வளவு?

மேலாண்மை விளையாட்டில் புதிதாக இறங்குபவர்கள் பொதுவாகச் செய்யும் தப்பு, வெளிநாட்டுத் தேடலுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கிடைத்த பையனை ஒப்பந்தம் செய்யவோ வளர்க்கவோ பணமில்லாமல் நிற்பது. வரலாறு சொல்லும் முறை தலைகீழானது. முதலில் ஐந்தாறு வருடம் எத்தனை பேரை வைத்துப் பயிற்சி கொடுக்க முடியும் என்று பார்க்க வேண்டும். அதற்கான தொகையை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதைத் தேடலுக்குக் கொடுக்கலாம். பத்துப் பேரை வளர்க்க முடிந்தவர் நூறு பேரைக் கண்டுபிடித்துப் பிரயோஜனமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட்டில் ஒரு பையனைக் கழித்தால் அவன் பெயர் திரையிலிருந்து போய்விடும். டொமினிகன் குடியரசில் கழிக்கப்பட்ட பையனும், ஐ.பி.எல். ஏலத்தில் விலைபோகாத பையனும், ஷிப்டு பிடிக்காமல் ஆறே மாதத்தில் ஊர் திரும்பும் பெண்ணும் அப்படிப் போய்விடுவதில்லை. அவர்கள் இழந்த வருடங்களுக்கு எந்தப் பட்ஜெட்டிலும் தலைப்பு இல்லை. தேடிப் போகிறவர்கள் அதற்கும் ஒரு வரி எழுதினால் நல்லது. குறைந்தபட்சம் கூட்டிவந்த பையனின் பள்ளிப்படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது.